ஜன்னலுக்கு வெளியே கரும்புத் தோகை

கொஞ்சம் காலை ஒதுக்கிக்கங்க தம்பி. ஆமா, அப்படித்தான். அடிக்கரும்பு என் காலுக்கு இடையில இருக்கட்டும், தோகை பூராம் உங்க ஜன்னல் வழியா வெளிய போயிரட்டும். உங்களுக்கு முகத்துல உரசுதா? இல்லையே? நல்லது. கண்டக்டர் கத்துறாப்ல, கத்தட்டும். லக்கேஜ் டிக்கெட் எடுத்தாச்சு. போகியன்னிக்கு மதுரையில இருந்து கிளம்புற பஸ்ல கரும்பு வராம வேற என்ன வரும்?

நம்ம பேரு முத்திருளப்பன். எங்க பக்கம் வந்து மைக்செட் முத்திருளுன்னு கேட்டுப் பாருங்க, சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, எதுன்னாலும் நம்ம குழாய் ஸ்பீக்கர்தான். "தாய்மாமன் சீர் வருகிறது, உறவின் முறையார் வழிவிடவும்"னு மைக்ல நான் சொன்னாத்தான் கூட்டம் விலகும். சத்தமாப் பேசுறேன்னு நினைச்சுக்கிறாதீங்க. மெதுவாப் பேசினா நான் பேசுறது எனக்கே கேக்க மாட்டேங்குது.

தங்கச்சிக்குப் பொங்கல் சீர் கொண்டு போறேன். கூடப் பிறந்தது ஒண்ணே ஒண்ணு. பாண்டீஸ்வரி. எந்த ஊர்ல இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க தம்பி, அதைச் சொல்ல மாட்டேன். பெத்த அப்பன் எந்திரிச்சு வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். அது அப்படி ஒரு ரகசியம். டிக்கெட் எடுக்கையில "உடுமலை ஒண்ணு"ன்னு கேட்டது உங்க காதுல விழுந்திருக்கும். விழுந்தா விழுந்துட்டுப் போகுது. நீங்க நல்ல பிள்ளையாத் தெரியுறீங்க, பொள்ளாச்சி போற ஆளு, உங்களுக்கு என்ன வந்துச்சு.

ஏன் ரகசியம்ங்கிறீங்களா? எல்லாம் புருஷன்தான். தவமணின்னு பேரு. லோடு வண்டி ஓட்டுவான். எங்க ஊருக்கும் அவன் ஊருக்கும் நடுவுல ஒரு கண்மாய்தான். பாக்க சாதுவா இருப்பான் தம்பி, சபையில உக்காந்தா தலை நிமிர மாட்டான். வீட்டுக்குள்ள போயி கதவைச் சாத்தினாத்தான் அவன் யாருன்னு தெரியும். குழம்புல உப்புக் கூடிப் போச்சுன்னு ஒருநா, தலைக்குப் பூ வச்சது எவனுக்குன்னு ஒருநா. வயித்துப் பிள்ளையோட இருந்தவளைக் கொடிக்கம்பி வச்சு அடிச்சிருக்கான். காலைச் சுத்திக் கயிறு கட்டின மாதிரி தழும்பு இன்னும் கிடக்கு.

நான் சும்மா விடுவேனா? கூட்டிக்கிட்டு மகளிர் ஸ்டேஷனுக்குப் போனேன். அந்தம்மா, இன்ஸ்பெக்டரு, முதல்ல கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "இன்னிக்கு அடிச்சானா?" இல்லம்மா, முந்தாநா அடிச்சான். "அப்ப இன்னிக்கு அடிக்கல. வீட்டுக்குப் போ, கோவம் ஆறியிருக்கும்." இப்படி ஒரு கேள்வி. அப்புறம் அவனைக் கூப்பிட்டாக. வந்தான், கையைக் கட்டிக்கிட்டு நின்னான், அழுதான் தம்பி. பொலபொலன்னு அழுதான். இனிமே கையை நீட்ட மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டான். அந்தம்மாவுக்கு மனசு இளகிப் போச்சு. டீ வாங்கிக் குடுத்து, "ரெண்டு பேரும் பிள்ளையார சுத்திட்டுப் போங்க"ன்னு ஸ்டேஷன் வாசல் பிள்ளையாரைச் சுத்தவிட்டு அனுப்பினாக. அன்னிக்குச் சாயங்காலமே, என்னை ஊர் பாக்க நிறுத்திட்டியேன்னு அவ முன்பல்லை உடைச்சான்.

மறுபடி போனோம். மறுபடி டீ. மறுபடி பிள்ளையாரு. அந்தப் பிள்ளையாருக்கே சலிச்சிருக்கும்.

அதுக்கு அப்புறம் ஈஸ்வரி யாருக்கும் சொல்லாம பிள்ளையைத் தூக்கிக்கிட்டுக் கோயமுத்தூர் போயிட்டா. ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல சமையல் வேலை, அங்கனயே தங்கல். எனக்கு மட்டும் போன் போட்டு, "அண்ணே, நான் இங்க இருக்கேன், யாருக்கும் தெரிய வேணாம்"னு சொன்னா. நான் சொல்லுவேனா? காக்கா குருவிக்குச் சொல்லல. கட்டின பொண்டாட்டிகிட்டக் கூட ஊர் பேரைச் சொல்லல.

ஆனா தீவாளி வந்துருச்சு. சீரு போகணும்ல? எங்கள்ல ஒரு வழக்கம் தம்பி. சீர் நிக்கக் கூடாது. அண்ணன் செத்தாத்தான் நிக்கும், இல்ல தங்கச்சி செத்தாத்தான் நிக்கும். ஒரு வருசம் நின்னா, ஊர் அப்படித்தான் எடுத்துக்கிரும். எங்க ஆத்தா சாகும்போது சொன்ன ஒரே சொல்லு அதுதான்: "முத்திருளு, அவ வாசலுக்குச் சீர் போகாம இருந்திறாத." அதனால போயித்தானே ஆகணும்.

சீர்ங்கிறது தலையில துண்டைப் போட்டு ஒளிச்சுக் கொண்டு போற பொருளா, நீங்களே சொல்லுங்க. நாலு பேரு பாக்கக் கிளம்பணும். நான் எப்பவும் வாசல்ல ரெண்டு குழாயைக் கட்டி, வெள்ளன நாலு பாட்டைப் போட்டு, "முத்திருளப்பன் தங்கச்சிக்குச் சீர் கிளம்புகிறது"ன்னு மைக்ல சொல்லித்தான் தாம்பாளத்தைத் தூக்குவேன். இன்னிக்குக் காலையிலயும் அப்படித்தான். கண்மாய்த் தண்ணி மேல சத்தம் ஓடி அவன் ஊரு வரைக்கும் கேக்கும். கேக்கட்டும்னுதான் போடுறேன். வயிறு எரியட்டும். பொம்பளைக்கு நாதியில்லைன்னு நினைச்சுத்தானே கம்பியை எடுத்தான்? அண்ணங்காரன் உசுரோட இருக்கான்னு அவனுக்குத் தெரிய வேணாமா?

எந்த ஊருக்குப் போகுதுன்னு மட்டும் மைக்ல சொல்ல மாட்டேன். நான் என்ன கூமுட்டையா?

தீவாளி சீர் குடுத்துட்டு வந்து ஒரு வாரம் இருக்கும். ஈஸ்வரிகிட்ட இருந்து போனு. "அண்ணே, ஹாஸ்டலுக்கு எதுத்தாப்ல ஒரு ஆளு பைக்ல உக்காந்திருக்கான். காலையில இருந்து ஹெல்மெட்டைக் கழட்டவே இல்ல. உக்காந்திருக்கிற தினுசைப் பாத்தா அவருதான்." நான் நம்பல. மறுநாளும் வந்திருக்கான். அதுக்கு மறுநாளும். கிட்ட வர்றதில்ல, பேசுறதில்ல, சும்மா உக்காந்து கேட்டையே பாக்குறது. இவ மாடியில துணி காயப் போட்டா, அந்த ஹெல்மெட்டு மெதுவா மேல நிமிருமாம். அதை அவ சொல்லும்போது எனக்கு இங்கன முடி சிலுத்துக்கிச்சு தம்பி.

அந்த ஊர் ஸ்டேஷனுக்குப் போயிருக்கா. "ஏம்மா, கையைத் தொட்டானா?" தொடல. "வைதானா?" வையல. "ரோடு பொது. நிக்கிறதுக்கு யாரு வேணாலும் நிப்பான். அதும் புருஷன் பொண்டாட்டியைப் பாக்க வர்றது எந்தச் சட்டத்துல தப்பு?" அம்புட்டுதான் பதிலு. ஹாஸ்டல்காரம்மா, இது வம்புன்னு இவளை அனுப்பிட்டா.

எனக்கு வந்த கோவத்துக்கு நேரா அந்த ஹாஸ்டலுக்குப் போயி, வார்டனை நடு ரோட்டுல நிறுத்தி வஞ்சேன். "யாருடி சொன்னது? எம்புட்டு வாங்கின?" அந்தப் பொம்பளை சத்தியம் பண்ணுது, அழுகுது. நான் விடல. வேற யாரு சொல்லியிருப்பா? ஈஸ்வரியை விட்டா அந்தப் பொம்பளையும் நானும்தானே அறிஞ்சது.

இந்தா, பேசிக்கிட்டே ஒட்டன்சத்திரம் வந்துருச்சு பாருங்க. மார்க்கெட்டு வாசம் வருதா? தக்காளி, முருங்கைக்காய். இந்த ஊரைத் தாண்டுற வரைக்கும் நான் வெளிய பாக்க மாட்டேன் தம்பி. நீங்க பாருங்க.

இங்கதான் ரெண்டாவதா வந்து இருந்தா. காய்கறி மண்டியில எடை போடுற வேலை. மண்டிக்குப் பின்னாடி ஒரு ரூமு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல போட்டா. யாழினின்னு பேரு, எங்க ஆத்தா சாயலு. கொஞ்ச நாள் நல்லா இருந்தாக. போன்ல சிரிச்சுப் பேசினா தம்பி, கல்யாணத்துக்கு அப்புறம் அவ சிரிச்சு நான் கேட்டது அப்பதான்.

போன பொங்கலுக்கு முன்ன, "அண்ணே, இந்த வருசம் வேணாம், நீ வராத"ன்னா. எனக்குத் தெரியாதா அவ மனசு? அண்ணனுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு பாக்குறா. "போடி கிறுக்கி"ன்னு சொல்லிட்டு, குழாயைக் கட்டி, பாட்டைப் போட்டு, இதே மாதிரி கரும்பைக் கட்டிக்கிட்டு வந்து இறங்கினேன். பிள்ளைக்கு வாயெல்லாம் பல்லு. கரும்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "மாமா, என்னை விட உசரம்"னுச்சு. ஈஸ்வரி மட்டும் வாசல்ல நின்னு நான் வந்த ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தா. சீரை வாங்கு தாயின்னு நான் ரெண்டு தடவை சொன்ன பிறகுதான் தாம்பாளத்துல கை வச்சா.

காணும் பொங்கலன்னிக்கு வந்துட்டான்.

நான் கொண்டு போன கரும்பைத்தான் வெட்டிக்கிட்டு இருந்திருக்கா. பிள்ளைக்குத் துண்டு போட்டுக் குடுக்க. அருவாளைக் கீழ வச்சுட்டு நிமிர்ந்திருக்கா, வாசல்ல ஹெல்மெட்டு. அந்த அருவாளைத்தான் அவன் எடுத்தான். முகத்துக்கு வந்ததைக் கையால தடுத்திருக்கா. இடது கையில ரெண்டு விரலு போச்சு. கன்னத்துல இங்க இருந்து இது வரைக்கும். மண்டி ஆளுக ஓடி வந்து அமுக்கலைன்னா எங்க ஆத்தாகிட்டப் போயிருப்பா. பிள்ளை கரும்பைக் கையில பிடிச்சபடி மூலையில நின்னுச்சாம். அதுக்கு அப்புறம் பல மாசம் பேசல அது. இப்பவும் கரும்பு திங்க மாட்டேங்குது. நானும் இந்தா கொண்டு போறேன், ஒருநா திங்கும்.

அதான் தம்பி நானும் கேக்குறேன். எப்படிக் கண்டுபிடிச்சான்? யாரு காட்டிக் குடுத்தது? முதல்ல மண்டிக்காரன் மேல சந்தேகம், அவன் சட்டையைப் பிடிச்சுட்டேன். அப்புறம் அவ யோசனை கேட்டுப் போன வக்கீலோட குமாஸ்தா, அவன் முழியே சரியில்ல. பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கூட விடல நான். எவனோ ஒருத்தன் கூட இருந்தே குழி பறிக்கிறான். அவன் யாருன்னு தெரியாம எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. கண்டுபிடிப்பேன் தம்பி. கண்டுபிடிச்சு நடுச் சந்தியில நிறுத்துவேன்.

கோர்ட்டுல என்னைக் கூண்டுல ஏத்தினாக. அவன் பக்கத்து வக்கீலு கேட்டான்: "சம்பவத்துக்கு முன்னாடி தங்கச்சி வீட்டுக்குப் போனீங்களா?" போனேன்யா. "அதுக்கு முன்ன கோயமுத்தூருக்கு?" போனேன்யா, சீர் கொண்டு போனேன், வருசா வருசம் போவேன், பாட்டுப் போட்டு ஊரறியத்தான் போவேன், எனக்கு யாருகிட்ட என்ன பயம்னு மைக்ல சொல்ற மாதிரி சொன்னேன். ஜட்ஜையா கூட நிமிர்ந்து பாத்தாரு. அப்ப ஈஸ்வரி என்னை ஒரு பார்வை பாத்தா.

அந்தப் பார்வை. அதை எப்படிச் சொல்றது? கோவமும் இல்ல, அழுகையும் இல்ல. கன்னத்துல தையல் தழும்போட, கண்ணை மூடாம, என்னை முதல் தடவையாப் பாக்குற மாதிரி பாத்தா. அண்ணன் இம்புட்டுத் தைரியமாப் பேசுறானேன்னு பெருமையாப் பாத்தாளோ என்னமோ. ஆனா பெருமையா இருந்தா எனக்கு ஏன் தம்பி தூக்கம் போகுது? கண்ணை மூடினா அந்தப் பார்வை வந்து நிக்குது. குழாய் கட்ட மரத்துல ஏறினா, கீழ நின்னு அவ அப்படிப் பாக்குற மாதிரி இருக்கு. என்னன்னு அவகிட்டயே கேட்டேன். "ஒண்ணுமில்லண்ணே"ன்னுட்டா.

கேசு நடக்குது. எங்க நடக்குது, வாய்தா வாய்தாவா உக்காந்திருக்கு. ஒருநா ஜட்ஜு லீவு, ஒருநா வக்கீல் ஸ்ட்ரைக்கு, ஒருநா டாக்டரு சாட்சி சொல்ல வரல. அவன் ஜாமீன்ல வந்துட்டான். அவ தையல் பிரிக்கிறதுக்குள்ள வந்துட்டான் தம்பி. ஆனா சும்மா விடல, கண்டிசனு இருக்கு. தினமும் காலையில எங்க ஊர் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும். அவ இருக்கிற திசையில தலை காட்டக் கூடாதுன்னு கோர்ட்டு ஆர்டரு வேற. இனி என்ன பயம்? கோர்ட்டு சொல்லிருச்சுல்ல?

நேத்துக் கூட ஏட்டையாவை டீக்கடையில பாத்தேன். "அவன் நாலஞ்சு நாளா கையெழுத்துக்கு வரலப்பா, காய்ச்சலாம், பண்டிகை முடிஞ்சு வர்றேன்னு சொல்லிவிட்டான்"னாரு. நல்லா வேணும். கிடக்கட்டும் காய்ச்சல்ல. இந்தப் பொங்கலாவது எந்தங்கச்சி நிம்மதியாப் பானை வைப்பா.

வண்டி நிக்குது, டீ குடிப்பமா? இறங்க வேணாம், இப்படியே ஜன்னல்ல வாங்கிக்கலாம். பழனிக்கு நடக்குற சாமிக பச்சை வேட்டியும் காவடியுமா எப்படிப் போகுதுக பாருங்க. பாவம், வெறுங்காலு. தார் ரோடு கொதிக்குது. அந்தப் பக்கம் புளியமரத்தடியில ஒருத்தன் பைக்கை நிறுத்தி டீ குடிக்கிறான், கவனிச்சீங்களா? டீக்குக் கூட ஹெல்மெட்டைக் கழட்டல. முன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குடிக்கிறான். இந்தக் காலத்துல இப்படிச் சட்டத்தை மதிக்கிற ஆளு எங்க இருக்கான்.

ஒரு நிமிசம் தம்பி, போனு. ஈஸ்வரிதான். அலோ! ஆங், சொல்லு தாயி! ஏறிட்டேன், பழனிகிட்ட வந்துட்டேன். நீ எங்கயும் வர வேணாம், எனக்கு வழி தெரியாதா? மில்லுக்குப் பின்னாடி, மாதா கோயிலை ஒட்டின சந்து, பச்சைக் கதவு. என்னது? பாட்டா? போட்டேன், அது போடாமயா? அழுகாத. ஏன் இப்ப அழுகுற? இங்க பாரு, யாருகிட்டயும் பேசல. ஏறினதுல இருந்து வாயைத் திறக்கல. சத்தியமா. வையி, வந்துட்டேன்.

பாருங்க, நல்ல நாளும் அதுவுமா அழுகுது. பயந்த சுபாவம். எங்க அண்ணன் தனியா வர்றானேன்னு கவலை.

ஏன் தம்பி தோகையை உள்ள இழுக்குறீங்க? ஒடிஞ்சிரும், விடுங்க. வெயில்ல வாடினா வாடிட்டுப் போகுது. உள்ள வச்சா யாருக்குத் தெரியும் சீர் போகுதுன்னு? நல்லா வெளிய ஆடிக்கிட்டு வரட்டும்.

என்ன? அந்த வண்டியா? மதுரையில இருந்தே பின்னாடி வருதா? அது எப்படி உங்களுக்கு... ஓ, நீங்க ஜன்னல் பக்கம், பாத்துக்கிட்டே வர்றீங்க. வரட்டும் தம்பி. ரோடு பொதுதானே. அவனுக்கும் ஒரு தங்கச்சி இருப்பா. எனக்குத் தூரத்துப் பார்வை அவ்வளவாத் தெரியாது, ஆளு முகம் பிடிபடாது. எந்தச் சாயல்ல இருந்தாத்தான் என்ன, எங்க ஆளு காய்ச்சல்ல கிடக்கான். அதான் ஏட்டையாவே சொன்னாருல்ல?

போலீசுக்கா போன் போடுறீங்க? போடுங்க, போடுங்க. போகியன்னிக்கு எவன் எடுப்பான்? எடுத்தாலும் உங்ககிட்ட என்ன கேப்பான் தெரியுமா? "இன்னிக்கு அடிச்சானா?"ம்பான். என்ன, எடுக்கலையா, மணி அடிச்சுக்கிட்டே கிடக்குதா? சரி, வையுங்க.

தம்பி.

ஏன் தம்பி என்னை இப்படிப் பாக்குறீங்க? இந்தப் பார்வைதான். அவ கோர்ட்டுல பாத்தாள்ல, அச்சு அசலு இதே பார்வை. முன்ன பின்ன தெரியாத ஆளு நீங்க, உங்க கண்ணுல அது எப்படி வந்துச்சு? நான் என்ன பண்ணினேன்? சொல்லுங்க, என்ன அர்த்தம் இதுக்கு? வேணாம். சொல்லாதீங்க. இப்ப வேணாம்.

உடுமலை வந்துருச்சு. கண்டக்டரு விசில் குடுக்குறாப்ல. வெண்கலப் பானை ஆச்சு, பை ஆச்சு, வாழைத்தாரு ஆச்சு. கரும்பை எட்டிக் குடுங்க தம்பி. ஏன் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க? உங்க ஊரு இன்னும் வரல, நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க? கையை எடுங்க. விடுங்க தம்பி, விடுங்க. பிள்ளை வாசல்ல வந்து நிக்கும்.